பிளாரன்ஸை வரிசை தவறாமல் பார்க்க: முழுமையான வழிகாட்டி

பிளாரன்ஸுக்கு வருகிறவர்களில் பலர் முதல் நாள் காலையிலேயே உஃபிஸி அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறார்கள். மூன்று மணி நேரம் ஓவியங்களுக்கு முன்னால் நகர்ந்து, கால் வலியும் தலைச்சுற்றலுமாக வெளியே வருகிறார்கள். அதற்குப் பிறகு எந்தச் சிலையைக் காட்டினாலும் அவர்களுக்கு "இதுவும் ஒன்று" என்றுதான் தோன்றும். என் கருத்தில், இந்த நகரத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதைவிட எதற்குப் பிறகு எதைப் பார்க்கிறோம் என்பதே முக்கியம். இங்கே ஒரு வெண்கலத் தகட்டில் தோற்ற சிற்பியே பின்னால் குவிமாடம் எழுப்பினார். ஒரு சிலையைப் பார்த்து வளர்ந்தவர் அதை மிஞ்சும் இன்னொரு சிலையைச் செதுக்கினார். அந்தத் தொடர்ச்சி பிடிபட்டால் நகரம் தானாகப் பேசத் தொடங்கும்.

ஆகவே கீழே உள்ள வரிசை நான்கு முழு நாட்களுக்கானது. மூன்று நாட்கள்தான் உண்டு என்றால் கடைசிப் பகுதிகளை வெட்டுங்கள், முதல் நாளில் கை வைக்காதீர்கள். ஒரே நாளில் ரோமிலிருந்து வந்து திரும்பும் எண்ணம் இருந்தால், முதல் நாளுக்குச் சொன்னதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக ரயில் ஏறுங்கள்.

போய்ச் சேர்வது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா (இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக விட்டால் வாங்க மாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடுகளுக்குப் போவதானால் எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஐந்து நாள், இத்தாலியில் மூன்று நாள் என்றால் இத்தாலியிடம் போய் நிற்காதீர்கள்.

பிளாரன்ஸ் விமான நிலையம் சிறியது. நம் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு ரோம், மிலான், போலோஞ்யா ஆகியவற்றில் ஒன்றில் இறங்கி ரயில் பிடிப்பதே வசதி. அதிவேக ரயிலில் ரோமிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம், மிலானிலிருந்து இரண்டு மணி நேரம், போலோஞ்யாவிலிருந்து முக்கால் மணிக்கும் குறைவு. அறிவிப்புப் பலகைகளில் ஊரின் பெயர் இத்தாலிய மொழியில் 'ஃபிரென்ட்ஸே' என்று இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது 'சாந்தா மரியா நொவெல்லா' நிலையம்தானா என்று பாருங்கள். சில ரயில்கள் ஊருக்கு ஓரத்தில் உள்ள வேறு நிலையங்களில் நிற்கும். விமானத்திலேயே நேராக வந்துவிட்டால் அங்கிருந்து டி2 டிராம் ரயில் நிலையப் பகுதிக்கு வருகிறது, டாக்ஸி தேவையில்லை.

காரில் வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய நகரம் முழுவதும் வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும். ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

தங்குவதற்கு, பெட்டி இழுக்கத் தெம்பு இல்லாதவர்கள் நிலையத்துக்கு அருகில் எடுக்கலாம். தெரு கல் பாவியது, பழைய வீடுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மாலையில் ஊர்க்காரர்கள் நடுவில் இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஆர்னோ ஆற்றின் தென்கரையில் உள்ள சாந்தோ ஸ்பிரிதோ, சான் ஃபிரெதியானோ பகுதிகள். இரண்டு கரையிலிருந்தும் எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி தனியாகக் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஊர் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடப்பதால் காற்றும் குறைவு. சென்னைக்காரர்களுக்கு வெயில் புதிதல்ல என்றாலும் வெயிலோடு கூட்டமும் சேரும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தவிர்த்து, நகரம் மூச்சு விடும். குடை மட்டும் வேண்டும்.

முன்பதிவு

மூன்றை மட்டும் முன்பே பதிவு செய்யுங்கள்: பேராலயக் குவிமாடம் ஏறுவது, மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கும் அக்காடெமியா அருங்காட்சியகம், உஃபிஸி. இவற்றில் குவிமாடம்தான் முதலில் தீரும். அதற்குக் குறித்த நேரம் தருவார்கள், மாற்ற முடியாது. அதையும் மணிக்கோபுரம், திருமுழுக்கு ஆலயம், பேராலய அருங்காட்சியகம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சீட்டாக, மூன்று நாள் செல்லுபடியாகும்படி விற்கிறார்கள். பேராலயத்துக்குள் போக மட்டும் கட்டணம் இல்லை; வரிசைதான் உண்டு.

உஃபிஸியும் அக்காடெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், அனுமதி இலவசம். குழந்தையின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். அன்று நிற்க வேண்டிய வரிசையைப் பார்த்தால் பணம் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அதிகாரபூர்வ தளங்களில் மட்டும் வாங்குங்கள். தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இரட்டை விலைக்கு விற்கும் இடைத்தரகர்களின் தளம்தான்.

முதல் நாள்: 1401ஆம் ஆண்டின் போட்டி

காலையில் பார்ஜெல்லோவுக்குப் போங்கள். சில பருவங்களில் மதியத்தோடு மூடிவிடுவார்கள் என்பதால் காலையே நல்லது. சிறைச்சாலையாகவும் இருந்த இந்தக் கோட்டை போன்ற கட்டடம் 1865 முதல் அருங்காட்சியகம். மாடியில் சிற்பி டொனாடெல்லோவின் பெயர் கொண்ட பெரிய கூடத்தில், சுவரில் இரண்டு வெண்கலத் தகடுகள் அருகருகே மாட்டியிருக்கும். பலர் நிற்காமல் கடந்துவிடுவார்கள். நீங்கள் அங்கேதான் கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

1401இல் திருமுழுக்கு ஆலயத்துக்குக் கதவு செய்ய ஒரு போட்டி வைத்தார்கள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியை எல்லோரும் ஒரே அளவுத் தகட்டில் வார்க்க வேண்டும். ஏழு பேர் கலந்துகொண்டதில் எஞ்சியிருப்பவை இரண்டு: லொரென்ஸோ கிபெர்டியுடையதும் ஃபிலிப்போ புரூனலெஸ்கியுடையதும். புரூனலெஸ்கியின் ஆபிரகாம் மகனின் கழுத்தைப் பிடித்துத் திருக, தேவதூதர் ஆபிரகாமின் கையைப் பாய்ந்து பற்றுகிறார். காட்சியில் வன்முறை இருக்கிறது. கிபெர்டியின் ஈசாக்கு பழைய ரோமானியச் சிலை போன்ற அழகிய உடலோடு மண்டியிட்டிருக்கிறான், கத்தி இன்னும் அந்தரத்தில். தொழில்நுட்பத்திலும் வேறுபாடு உண்டு. கிபெர்டி பெரும்பகுதியை ஒரே வார்ப்பாகச் செய்தார்; அவர் தகடு மற்றதைவிட சுமார் 7 கிலோ இலேசு. வெண்கலம் விலை உயர்ந்த பொருள், அந்த ஊரோ வணிகர்களின் ஊர். கிபெர்டி வென்றார். என்னைக் கேட்டால் புரூனலெஸ்கிக்குத்தான் என் ஓட்டு; நின்று பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதே கட்டடத்தில் டொனாடெல்லோவின் வெண்கலத் தாவீதையும், வெரோக்கியோவின் வெண்கலத் தாவீதையும் மனதில் பதியும்படி பாருங்கள். நாளை இவை தேவைப்படும். முதல் தாவீது தொப்பி அணிந்த மெலிந்த சிறுவன், இரண்டாவது வெற்றியில் திமிர் காட்டும் பையன். இருவர் காலடியிலும், விவிலியக் கதையில் தாவீது கவண் கல்லால் வீழ்த்திய அரக்கன் கோலியாத்தின் தலை கிடக்கிறது.

அடுத்து பேராலயச் சதுக்கம். திருமுழுக்கு ஆலயத்தின் கிழக்குக் கதவுக்கு முன்னால் கூட்டம் முட்டும். கிபெர்டி 1425இலிருந்து 1452 வரை உழைத்த பத்துச் சதுரங்களின் கதவு அது. ஆனால் நீங்கள் தெருவில் காண்பது நகல். அசல் கதவு பேராலயத்தின் பின்புறம் உள்ள அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால், தூசியில்லாமல் பொன்னாக நிற்கிறது. இந்த அருங்காட்சியகம் பிளாரன்ஸில் மிகக் குறைவாக மதிக்கப்படும் இடம். டொனாடெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலா மரியா இங்கே இருக்கிறார்: தவத்தால் வற்றிய உடல், பல் விழுந்த வாய், உடலை மூடித் தொங்கும் சடைமுடி. காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியைப் பார்த்து நின்றவர்களுக்கு இந்த மரியாவைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படாது. முதுமையில் மைக்கேலாஞ்சலோ தனக்கான கல்லறைக்கென்று தொடங்கி, பொறுமை இழந்து தானே உடைத்த பியத்தாவும் (இறந்த இயேசுவைத் தாங்கும் காட்சிச் சிலை) இங்கேதான்.

மாலைக்குக் குவிமாடத்தை வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் தோற்ற புரூனலெஸ்கி கட்டடக் கலைக்குத் திரும்பினார். 1296இல் தொடங்கிய பேராலயம் அப்போது தலைமேல் பெரிய ஓட்டையோடு நின்றது. சுமார் 45 மீட்டர் அகலத்தை மூட, தரையிலிருந்து சாரம் எழுப்ப அவ்வளவு மரத்துக்கு எங்கே போவது? புரூனலெஸ்கி அதைத் தாங்கு சாரமே இல்லாமல் 1420இலிருந்து 1436க்குள் கட்டி முடித்தார். உள்ளே ஓர் ஓடு, வெளியே ஓர் ஓடு என இரட்டைக் கூடு. செங்கற்களை மீன் முள் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியதால் காரை காய்வதற்குள் வரிசை சரியாது. 463 படிகள். கடைசிப் பகுதியில் இரு ஓடுகளின் நடுவில்தான் ஏறுகிறீர்கள்; அந்தச் செங்கல் பின்னலைக் கையாலேயே தொடலாம். லிஃப்ட் கிடையாது. இதய நோய், முழங்கால் வலி, மூடிய இடத்தில் அச்சம் உள்ளவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இடையில் திரும்பி இறங்க வழியும் எளிதல்ல.

தோள், முழங்கால் மூடிய உடை இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு பருத்தித் துண்டு பையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாள்: மூன்றாவது தாவீது

அக்காடெமியாவுக்கு முதல் நேரச் சீட்டை எடுங்கள். 5.17 மீட்டர் உயரத் தாவீது கூடத்தின் கோடியில் நிற்கிறான். நேராக அவனிடம் ஓடாதீர்கள். வழியில் இருபுறமும் மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட 'கைதிகள்' நிற்கிறார்கள், பாறைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்தவர்களாக. உளித் தடங்கள் அப்படியே இருக்கின்றன. அவர் கல்லை எப்படி அணுகினார் என்பது முடிந்த சிலையைவிட இவற்றில்தான் தெரியும்.

தாவீதைச் செதுக்கிய பளிங்கு, வேறு சிற்பிகள் தொடங்கிக் கைவிட்டு, பல பத்தாண்டுகள் பேராலய முற்றத்தில் கிடந்த கல். 1501இல் அதை எடுத்தபோது மைக்கேலாஞ்சலோவுக்கு 26 வயது. நேற்று பார்த்த இரண்டு தாவீதுகளிலும் கோலியாத்தின் தலை இருந்தது, இவனிடம் இல்லை. சண்டை இன்னும் நடக்கவில்லை. கவண் தோளில், புருவம் சுருங்கியிருக்கிறது, வலது கையில் நரம்பு புடைத்திருக்கிறது. தலையும் கையும் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதற்கு, பேராலயத்தின் உச்சியில் வைத்துக் கீழிருந்து பார்க்கத் திட்டமிட்டதே காரணம் என்பார்கள். 1504இல் எங்கே நிறுத்துவது என்று ஆலோசிக்கக் கூடியவர்களில் ஓவியர்கள் லியனார்டோ டா வின்சியும் போட்டிச்செல்லியும் இருந்தார்கள். கடைசியில் நகராட்சி மாளிகை வாசலில் நிறுத்தினார்கள். 1873இல் உள்ளே கொண்டுவந்த பிறகு, 1910 முதல் அந்த வாசலில் நிற்பது நகல்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான் மார்கோ மடம். இதுவும் மதியத்தோடு மூடக்கூடும். துறவிகளின் சிறு அறைகள் ஒவ்வொன்றிலும் ஃபிரா ஆஞ்செலிகோவும் உதவியாளர்களும் ஒரு சுவரோவியம் தீட்டியிருக்கிறார்கள். மாடிப்படி ஏறி நிமிர்ந்ததும் எதிரே வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி. நூறு பேர் இடிக்கும் கூடங்களுக்குப் பிறகு இந்த அமைதி மருந்து. கடைசி அறைகள் சவொனரோலாவுடையவை. 1497இல் ஆடம்பரப் பொருட்களைச் சிஞ்ஞோரியா சதுக்கத்தில் குவித்து எரிக்கச் செய்த அந்தத் துறவியை அடுத்த ஆண்டே அதே சதுக்கத்தில் தூக்கிலிட்டு எரித்தார்கள். இடத்தைக் காட்டும் வட்டக் கல் அந்தச் சதுக்கத் தரையில் இருக்கிறது.

மாலையில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் மசாச்சோவின் 'திரித்துவம்' என்ற சுவரோவியம். தட்டையான சுவர் உள்நோக்கிக் குடைந்த மண்டபமாகத் தெரியும். முப்பது வயதை எட்டாமலே இறந்த இளைஞன் 1420களில் செய்த வேலை.

மூன்றாம் நாள்: தாந்தே

இந்த நாளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் தேவையில்லை, நல்ல செருப்பு போதும். இன்று இத்தாலி முழுவதும் பேசும் மொழிக்கு அடித்தளம் இந்த ஊரின் பேச்சு. படையெடுப்பால் அப்படி ஆகவில்லை. கவிஞர் தாந்தேயும் எழுத்தாளர்கள் பெட்ரார்க்கா, பொக்காச்சோவும் 14ஆம் நூற்றாண்டில் எழுதியதை மற்ற ஊர்க்காரர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். 1861இல் நாடு ஒன்றானபோதும் மிகச் சிலரே அந்த மொழியை அன்றாடம் பேசினார்கள்.

பழைய நகரச் சுவர்களில் தாந்தேயின் 'தெய்வீக இன்பியல்' காவிய வரிகள் செதுக்கிய பளிங்குப் பலகைகள் 30க்கும் மேல் இருக்கின்றன. அந்தந்த இடத்தையோ அங்கே வாழ்ந்த குடும்பத்தையோ அவர் எங்கே பாடினாரோ அந்த வரி அங்கேயே சுவரில். கார் நிறுத்தம், ஐஸ்கிரீம் கடை, வங்கி என எதற்கு மேலும் இருக்கும். தலை நிமிர்த்தி நடந்தால்தான் கிடைக்கும். திருமுழுக்கு ஆலயத்திலிருந்து தொடங்குங்கள். தாந்தே முழுக்குப் பெற்றது அங்கே, காவியத்தில் 'என் அழகிய சான் ஜொவான்னி' என்று ஏங்குவதும் அதைப் பற்றியே. வழியில் 'தாந்தேயின் வீடு' என்று பலகை மாட்டிய அருங்காட்சியகம் வரும். அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. நேரம் குறைவானால் தாண்டிப் போங்கள். பக்கத்தில் பாதியா ஆலயம்: 1373இல் பொக்காச்சோ தாந்தேயின் காவியத்தைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொற்பொழிவாற்றிய இடம்.

பிளாரன்ஸ் இந்தக் கவிஞனுக்குச் செய்தது கதையாகவே சொல்ல வேண்டியது. 1302இல் கட்சிப் பகையில் நாடு கடத்தினார்கள். அகப்பட்டால் உயிரோடு எரிக்கத் தீர்ப்பு. தீர்ப்புச் சொன்ன அதிகாரியின் மாளிகைதான் நீங்கள் முதல் நாள் பார்த்த பார்ஜெல்லோ. அதே கட்டடத்தின் சிற்றாலயச் சுவரில், ஜியோட்டோவும் அவர் பட்டறையினரும் தீட்டிய சொர்க்கக் காட்சியில் தாந்தேயின் முகம் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலிருந்து 1840இல்தான் அது வெளிப்பட்டது. தாந்தே 1321இல் ரவென்னாவில் இறந்தார். பிளாரன்ஸ் பலமுறை எலும்பைக் கேட்டது, ரவென்னா தரவில்லை. சாந்தா குரோச்சே ஆலயத்தில் மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மக்கியவெல்லி கல்லறைகளுக்கு நடுவில் தாந்தேவுக்கும் 1829இல் பெரிய கல்லறை எழுப்பினார்கள். உள்ளே யாரும் இல்லை. அந்தப் பழைய தண்டனையை ரத்து செய்யும் தீர்மானத்தை நகர மன்றம் நிறைவேற்றியது 2008இல். ரவென்னாவில் அவர் சமாதி விளக்குக்கு எண்ணெய் மட்டும் ஆண்டுதோறும் செப்டம்பரில் பிளாரன்ஸிலிருந்து போகிறது.

சாந்தா குரோச்சே பகுதியில் நடக்கும்போது சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேல் சிறு கோடிட்ட பலகைகளைக் காணலாம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ வெள்ளம் எட்டிய உயரம் அது. அந்த வெள்ளத்தில் சிதைந்த சிமாபுவேயின் சிலுவை ஓவியம் ஆலயத்தில் வண்ணம் பெயர்ந்தபடியே தொங்குகிறது. சேற்றில் புதைந்த நூல்களை மீட்க உலகமெங்கிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள்.

மொழியில் தீவிர ஆர்வம் உள்ளவர்கள் ஊருக்கு வடமேற்கே காஸ்தெல்லோ மாளிகையில் இயங்கும் அக்காடெமியா தெல்லா குருஸ்காவுக்கு முன்கூட்டி எழுதிக் கேட்டுப் போகலாம். 1583இல் தொடங்கிய இந்தச் சங்கம் 1612இல் இத்தாலிய அகராதியை வெளியிட்டது. தவிட்டைச் சலித்து மாவை எடுப்பதுபோல் மொழியைச் சலிப்பது தங்கள் வேலை என்று சொல்லி, உறுப்பினர் ஒவ்வொருவரும் சின்னம் தீட்டிய மரச் சட்டுவம் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அவை கூடச் சுவர் முழுவதும் தொங்குகின்றன.

பேச்சைக் காதால் கேட்க, மத்திய சந்தையையோ சாந்தம்புரோஜோ சந்தையையோ காலையில் சுற்றுங்கள். உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் 'க' ஒலியை இவர்கள் 'ஹ' ஆக்கிவிடுவார்கள்: 'லா காசா' என்பது 'லா ஹாசா'. 'அகம்', 'மகன்' என்று சொல்லும்போது நம் நாவும் ஏறக்குறைய அதையே செய்வதால் தமிழ்க் காதுக்கு இது விரைவில் பழகும். கடைக்குள் நுழைந்ததும் 'புவோன் ஜோர்னோ' சொல்லுங்கள். சொல்லாமல் பொருளைத் தொட்டால் முகம் சுளிப்பார்கள்.

நான்காம் நாள்: இப்போது உஃபிஸி

கட்டடக் கலைஞர் வாசாரி 1560இல் தொடங்கிய அரசு அலுவலகக் கட்டடம் இது. எல்லா அறைகளையும் பார்க்க முயலாதீர்கள். சிமாபுவே, துச்சோ, ஜியோட்டோ மூவரின் பெரிய மாதா ஓவியங்கள் ஒன்றாக நிற்கும் அறை, போட்டிச்செல்லி அறைகள், லியனார்டோ, மைக்கேலாஞ்சலோவின் வட்ட ஓவியம், காரவாஜோவின் மெதூசா. இவ்வளவு போதும், இரண்டரை மணி நேரம். இவையெல்லாம் சிதறாமல் இங்கே இருப்பதற்கு ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். பிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லுயீசா, எதுவும் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு 1737இல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து பொந்தே வெக்கியோ பாலம். 1345இல் கட்டியது, 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர் தகர்க்காமல் விட்ட ஒரே பாலம். நகைக்கடைகளில் விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மாலையில் சான் மினியாதோ ஆலயத்துக்கு ஏறுங்கள். கீழே உள்ள மைக்கேலாஞ்சலோ சதுக்கத்தைவிட இங்கே கூட்டம் குறைவு, காட்சி அதேதான்.

சாப்பாடு

தஸ்கனி ரொட்டியில் உப்பு கிடையாது. முதல் கடியில் சப்பென்றிருக்கும். நாடு கடத்தப்பட்டவன் அயலார் ரொட்டியின் உப்பை உணர்வான் என்று தாந்தே பாடியதன் ருசி அப்போது விளங்கும். ரொட்டியைத் தனியாகத் தின்னாமல் குழம்போடு சேர்த்தே சாப்பிடுங்கள்.

சைவர்களுக்கு இந்த ஊர் மோசமில்லை. ரிபொல்லீதா என்பது பழைய ரொட்டி, கருங்கீரை, பயறு சேர்ந்த கெட்டிக் கஞ்சி. பாப்பா அல் பொமதோரோ தக்காளி ரொட்டிக் கூழ். கோடையில் பன்ஸனெல்லா, அதாவது ஊறிய ரொட்டியும் தக்காளியும் கலந்த சாலட். ஆனால் சாறு இறைச்சியில் செய்ததா என்று கேளுங்கள். 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே' என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று பொருள். தட்டில் முதலில் வரும் கரும்பழுப்புப் பூச்சு ரொட்டி கோழி ஈரல். பர்மிஜானோ சீஸில் விலங்கு உறைபொருள் உண்டு. கண்டிப்பானவர்கள் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். அசைவர்கள் தள்ளுவண்டியில் லம்பிரெதோத்தோ, அதாவது வெந்த மாட்டு இரைப்பை வைத்த ரொட்டி, முயலலாம். குடல் கறி சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. பில்லில் 'கொப்பெர்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருக்கும், அது வழக்கம். பளிச்சென்று பச்சை நிறத்தில் மலைபோல் குவித்த பிஸ்தா ஜெலாத்தோவை (இத்தாலிய ஐஸ்கிரீம்) வாங்காதீர்கள். நல்லது மங்கிய நிறத்தில், மூடிய பாத்திரத்தில் இருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

ஆர்னோ ஓரமாக மேற்கே நீளும் காஷீனே பூங்காவின் கடைக்கோடிக்குப் போகும் இந்தியர்கள் குறைவு. லண்டனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கோலாப்பூர் மன்னர் ராஜாராம் 1870இல் பிளாரன்ஸில் இறந்தார். இங்கே இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இந்து முறைப்படி எரியூட்ட நகரம் சிறப்பு அனுமதி தந்தது. குடைபோன்ற மண்டபத்தின் கீழ் அவரது மார்பளவுச் சிலை 1874 முதல் நிற்கிறது. பக்கத்தில் உள்ள பாலத்தை 'இந்தியரின் பாலம்' என்றே அழைக்கிறார்கள். வாடகை சைக்கிளில் போய் வரலாம்.

வெளியூர் போக வேண்டுமானால் பீசாவைவிட சியேனா. அதற்கு ரயிலைவிட பஸ் மேல். ரயில் மலையடிவாரத்தில் இறக்கிவிடும், பஸ் பழைய நகரத்துக்கு அருகிலேயே விடும். ரயிலில் எங்கு போனாலும் உள்ளூர் ரயிலுக்கான காகிதச் சீட்டை ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள். குத்தாத சீட்டுக்கும் பரிசோதகர் அபராதம் போடுவார்.